பம்பின் மேல் போட்ட பழி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காயும் முன்பே தெய்வசிகாமணி அந்தப் பழைய டெஸ்ட் பம்பைத் தூக்கிவந்து கொட்டகையில் இருந்த வேலை மேஜைமேல் வைத்துவிட்டார். மனைவி ராசாமணி பெருந்துறையில் யாரோ புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று போயிருந்தாள். பொழுது சாய்ந்துதான் வருவாள். வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாத நேரம் கிடைத்தால் மனிதர்கள் தூங்குவார்கள். சிகாமணி எதையாவது கழற்றுவார். பம்பு எடை பதினெட்டுக் கிலோ. பித்தளைத் தொட்டி, அதன்மேல் ஒரு நீளக் கைப்பிடி, பக்கவாட்டில் அழுத்தத்தைக் காட்டத் தட்டு மாதிரி ஒரு கடிகாரம், அதில் பவுண்டுக் கணக்கில் எண்கள். எந்த நாட்டிலோ எந்தக் காலத்திலோ வார்த்தது. மூடிவிட்ட ஒரு நூற்பாலையின் பழைய சாமான்களோடு சேர்ந்து அவர் கைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதன் வேலை ரொம்பச் சாதாரணம். பாய்லரோ பைப்போ எதுவானாலும் எல்லா வாயையும் அடைத்துவிட்டு, உள்ளே நிறையத் தண்ணீரை விட்டு, இந்தப் பம்பைக் குழாய் போட்டு மாட்டி, கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற முள் ஏறும். நூற்றிருபது வந்ததும் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முள் அங்கேயே நின்றால் ஒழுகல் இல்லை என்று அர்த்தம். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அவ்வளவுதான், இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, சமையல் செய்கிறவளுக்குக்கூடப் புரிந்துவிடும் என்று நினைத்தார், நினைத்த உடனே அந்த நினைப்பை விட்டு ஸ்பேனரைத் தேடப் போனார். செவ்வாய்க்கிழமை ஒரு சாயப்பட்டறையில் புது பைப் லைனுக்கு டெஸ்ட் இருந்தது. நேற்று சும்மா அடித்துப் பார்த்தபோது கைப்பிடி கனமே இல்லாமல் கீழே போனது. தண்ணீரை இழுக்கவில்லை. வால்வு தேய்ந்துவிட்டது. தேய்ந்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியதுதான். பதினோரு மாதமாக இதைத் திறந்து பார்க்கவில்லை, நேரம் ஒழியவில்லை. நேரம்தான் ஒழியவில்லை என்று இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டார்.

இந்தப் பம்புக்கு இரண்டு வால்வு. கீழே இருப்பது தொட்டியிலிருந்து தண்ணீரை உள்ளே விடும், திருப்பி விடாது. மேலே இருப்பது அந்தத் தண்ணீரைப் பாய்லருக்குள் அனுப்பும், அதுவும் திருப்பி விடாது. இரண்டும் பித்தளை, பம்பரத்தின் அடிப்பாகம் மாதிரி கூம்பாக, அதே வடிவத்தில் குடைந்த ஒரு பள்ளத்தில் உட்காரும். முதலில் கீழ் வால்வைக் கழற்றினார். மரை இறுகியிருந்தது, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, குழந்தையை எழுப்புகிற மாதிரி சுத்தியலால் சுற்றிலும் தட்டி, மெதுவாகத் திருப்பியபோது ஒரு முனகலோடு இளகிக் கொடுத்தது. அந்த முனகலில் அவருக்கு ஒரு சந்தோஷம், இன்று நேற்று வந்ததில்லை. வால்வை வேட்டி முனையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுற்றிலும் ஒரு கோடு விழுந்திருந்தது, நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. இதுதான் ஆள். இதைச் சரிசெய்யக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தேய்க்கும் பசையைக் கொஞ்சம் தடவி, வால்வைப் பள்ளத்தில் உட்கார வைத்து, திருப்புளியை அதன் தலையில் உள்ள வெட்டில் மாட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மோர் கடைகிற மாதிரி கடைய வேண்டும். கரகரவென்று ஆரம்பிக்கும். கால் மணியில் சத்தம் குறைந்து வழுவழுப்பாகும். அப்போது எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி புதுப் பசை. சிகாமணி கடைந்தார். உள்ளங்கையில் சூடு ஏறியது. போன மாதம் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸுப் பெண் கையில் பட்டையைச் சுற்றி ரப்பர்க் குண்டை அமுக்கி அமுக்கிக் காற்றடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே, பிரஷர் நூற்றெழுபது இருக்கிறது ஐயா, உப்பைக் குறையுங்கள் என்றாள். அவர் என்ன சொன்னார்? அம்மணி, உன் பம்பு சரியில்லை, குண்டுக்கடியில் காற்றுப் போகிறது பார் என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு வேறு மெஷின் கொண்டுவந்து வைத்தாள், நூற்றெழுபத்தைந்து காட்டியது. ராசாமணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கின பிறகு, உங்களுக்கு என்னிக்கும் சாமான்மேலதான் தப்பு, ஆளுமேல தப்பே இருக்காது என்றாள். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் சொன்னது பிரஷரைப் பற்றி மட்டும்தானா என்று அன்றைக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றியது. மில் விடுதி மெஸ்ஸில் போன பொங்கலுக்கு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, தெரிய வழியில்லை. கீழ் வால்வு இப்போது கண்ணாடி மாதிரி மின்னியது, துடைத்து மூடி முறுக்கினார்.

அடுத்தது மேல் வால்வு. கழற்றுவதற்கு முன்பே விரல் நுனியில் பசையை எடுத்துக்கொண்டுவிட்டார், கை தன்பாட்டுக்குச் செய்தது, முப்பத்தைந்து வருஷப் பழக்கம். பசை விரலில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றார். சாம்பல். போன தை மாதம், பொங்கலுக்கு மில்லில் வேலை செய்கிற பெண்பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போயிருந்த மூன்று நாளில், அவர்கள் விடுதி மெஸ்ஸில் இருக்கிற அந்தக் குட்டி பாய்லரை டெஸ்ட் பண்ணிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆள் உயர பாய்லர், கீழே விறகு, மேலே ஆவி, ஆவியில் அறுபது பெண்பிள்ளைகளுக்குச் சோறு வேகும். அதற்கு முந்தின வருஷம்தான் அதன் உள்ளே ஓட்டை விழுந்த இரண்டு ட்யூப்பை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார். தன் கையால் போட்டது. மேனேஜர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன்கூட இவ்வளவு சுத்தமா செய்யமாட்டான் என்றார். அந்த வார்த்தையை அவர் இரண்டு மாதம் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார். டெஸ்ட் அன்றைக்கு முள் நூற்றிருபதுக்கு ஏறியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மெஸ்ஸில் சமையல் செய்கிற ரத்தினா அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு வந்து, பாய்லர் பக்கத்தில் நின்று முள்ளையே பார்த்தாள். பதினைந்து நிமிஷத்தில் முள் நூற்றுப்பத்துக்கு வந்துவிட்டது. அண்ணா, முள்ளு இறங்குதுங்களே என்றாள் ரத்தினா. அவர் உடம்பு முழுக்கத் தகரம் போர்த்தியிருந்த பாய்லரைச் சுற்றி வந்தார், எங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே தெரியவில்லை. உள்ளே ட்யூப் ஒழுகினால் தண்ணீர் அடுப்புச் சாம்பலில்தான் விழும். அடுப்புக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தாரா? பார்த்தார். சாம்பல் இருந்தது. ஈரமாக இருந்ததா? டார்ச்சில் பாட்டரி மங்கல். கையை விட்டுத் தொட்டுப் பார்த்திருக்கலாம், புதுச் சட்டை போட்டிருந்தார், பொங்கலுக்கு எடுத்தது. கதவை மூடிவிட்டு, அது பம்போட கோளாறு, மேல் வால்வு தேஞ்சு போச்சு, தண்ணி பின்னால வாங்குது, பாய்லர் கல்லு மாதிரி இருக்குது என்று சொன்னார். சொன்னது மட்டும் அல்ல, சிரித்தார். மேனேஜர் போனைக் கீழே வைத்துவிட்டுத் தானும் சிரித்தார். நல்லா இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தார். ரத்தினா மட்டும் சிரிக்கவில்லை, காவல்காரர்கள் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

பிறகு மாசி மாதத்தில் ஒருநாள் சந்தையில் அவளைப் பார்த்தார். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் இவரைக் கண்டதும் நிமிர்ந்து, காலைல அடுப்புச் சாம்பலை அள்ளயில ஒரு ஓரம் ஈரமா கட்டிக் கட்டியா வருதுங்கண்ணா, எதனாலங்க என்று கேட்டாள். மாசிப் பனி அப்படித்தான் இருக்கும் ரத்தினா என்றார் இவர். நாலு சுவரும் கூரையும் இருக்கிற மெஸ்ஸுக்குள், ராத்திரி வரை எரிந்து தணிந்த அடுப்புக்குள், இரும்புக் கதவைத் திறந்துகொண்டு போய்ப் பனி பெய்கிறது. அதை முப்பத்தைந்து வருஷம் பாய்லர் வேலை செய்த ஒரு மனிதர் நடுச் சந்தையில் நின்றுகொண்டு சொல்கிறார். அவள் சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை எடைக்குப் போட்டாள். அன்றைக்கு அவள் தலையை ஆட்டிய விதம் அவருக்கு அடிக்கடி ஞாபகம் வரும், குளிக்கும்போது வரும், ராசாமணி சோறு போடும்போது ஆவி எழுந்தால் வரும். ஞாபகம் வரும்போதெல்லாம் அவர், பம்பு வால்வு தேஞ்சுதான் இருக்குது, பாக்காமயா சொன்னேன் என்று நினைத்துக்கொள்வார். பார்க்காமல்தான் சொன்னார். சொன்னபிறகாவது பார்த்திருக்கலாம். பதினோரு மாதம் இந்தப் பம்பு கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது, நடுவில் வந்த இரண்டு டெஸ்டுக்குக்கூட அவிநாசிக்குப் போய் வேறு ஒருவரிடம் பம்பு இரவல் வாங்கினார். நேரம் ஒழியவில்லை.

இப்போது விரலில் பசை. இந்தப் பசையை மேல் வால்வில் தடவிக் கால் மணி கடைந்துவிட்டால் போதும், அது தேய்ந்திருந்ததா, தேயவில்லையா என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது. அவராலும் முடியாது. புதுசு மாதிரி மின்னும். செவ்வாய்க்கிழமை சாயப்பட்டறையில் முள் நட்ட இடத்தில் நிற்கும், அட, வால்வுதான் கோளாறாக இருந்திருக்கிறது, தேய்த்ததும் சரியாகிவிட்டது பார் என்று சொல்லிக்கொள்ளலாம், அதை நம்பவும் செய்யலாம். ஒரு மாதத்தில் பொங்கல் வந்துவிடும். மெஸ் பாய்லரை மறுபடி டெஸ்டுக்குக் கூப்பிடுவார்கள், அப்போது முள் இறங்கினால் இந்த வருஷம்தான் கோளாறு வந்தது என்று சொல்லி ட்யூப்பை மாற்றிக் கொடுக்கலாம். ஒரு மாதம்தானே. பதினோரு மாதம் ஓடின பாய்லர் ஒரு மாதம் ஓடாதா? ஓடும். ஓடும் என்று எந்த மடையன் சொன்னான்? ஊசிமுனை ஓட்டை எத்தனை நாளைக்கு ஊசிமுனையாகவே இருக்கும் என்று எழுதியா வைத்திருக்கிறது? ஆவி வெளியே வரும்போது கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆறின ஆவி. இது அவருக்குத் தெரியும், பல்லடத்தில் ஒருமுறை ஒரு மூட்டு விட்டுப்போய் எதிரே நின்ற ஆள் என்ன நடந்தது என்று அறியும் முன்பே முழங்கை வரை தோல் உரிந்துபோனதைப் பார்த்திருக்கிறார். அந்த ஆள் கத்தக்கூட இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிகாமணி விரலில் இருந்த பசையைப் பழைய துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார், விரல் சிவந்துவிட்டது.

தேய்ப்பதற்கு முன்னால் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, எஞ்சின் பட்டறைக்காரர்கள் எல்லோரும் செய்வது. வால்வைக் கழற்றாமல் அது உட்கார்ந்திருக்கிற கூட்டை மட்டும் கழற்றி, நிமிர்த்தி வைஸ் இடுக்கியில் பிடித்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றி, கீழே ஒரு வெள்ளைத் தாளை வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட மெல்லிசு, தண்ணீர் போகாத சந்தில்கூட அது போகும். வால்வு தேய்ந்திருந்தால் தாளில் சொட்டும். தாள் நனையாவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. அதற்குள் அவர் மனம் சட்டம் பேச ஆரம்பித்துவிட்டது. இன்றைக்குச் சொட்டினால் போன பொங்கலுக்கும் சொட்டியது என்று ஆகுமா? ஆகாது, நடுவில் சும்மா கிடந்து களிம்பேறிக் கெட்டிருக்கலாம். அப்படியானால் சொட்டினாலும் தனக்கு விடுதலை இல்லை. சொட்டாவிட்டால்? மூலையில் கிடந்த வால்வு தானாகவே நன்றாக ஆகுமா என்ன? இன்றைக்கு நன்றாக இருந்தால் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஆக இந்தச் சோதனை அவரைக் காப்பாற்ற வழியே இல்லாத சோதனை, மாட்டிவிடத்தான் வழி உண்டு. இப்படி ஒன்றை ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எவனாவது செய்வானா என்று நினைத்துக்கொண்டே கூட்டை வைஸில் வைத்து இறுக்கினார். மண்ணெண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. ராசாமணியின் காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து வெள்ளைப் பக்கத்தை மேலாக வைத்தார். ஊற்றினார். சுவர்க் கடிகாரம் மூன்று அடிக்க ஐந்து நிமிஷம். அன்றைக்குப் பதினைந்து நிமிஷம், இன்றைக்கும் பதினைந்து நிமிஷம் என்று முடிவு செய்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சொட்டு, சொட்டு என்று மனம் வேண்டிக்கொண்டது. நல்ல வால்வு கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டே வாழ்நாள் கழிந்தது, இன்றைக்குத்தான் கெட்ட வால்வுக்காக ஒரு மனிதர் காத்திருக்கிறார். தாள் வெள்ளையாக இருந்தது. வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது, யாரோ யாரையோ தண்ணி வந்துருச்சு என்று கூப்பிட்டார்கள். ரத்தினாவுக்கு என்ன வயது இருக்கும், நாற்பத்தைந்து இருக்குமா? புருஷன் இல்லை. இந்த மெஸ் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவரே இவர்தான், அந்த நன்றியில்தான் அவள் இவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறாள் என்று ஒருதரம் ராசாமணி சொன்னாள். நன்றி ஒரு கெட்ட சாமான், எதிர்த்துப் பேச விடாது. தாளின் நடுவில் ஏதோ புள்ளி தெரிந்த மாதிரி இருந்தது, துள்ளி எழுந்து குனிந்தார், காலண்டரின் மறுபக்கத்து அச்சு, ஏதோ அமாவாசையின் கறுப்பு வட்டம் தெரிகிறது. விரலை வைத்துத் தடவினார். காய்ந்த தாள். மணி மூன்று ஐந்து. கூட்டின் வாய்க்குள் மண்ணெண்ணெய் ஊற்றின அளவிலேயே அசையாமல் நின்றது, அதில் கொட்டகை ஓட்டின் இடைவெளி வெளிச்சம் தெரிந்தது. மூன்று பத்து. தாள் காய்ந்தே இருந்தது.

மனம் உடனே வேறு வழி பார்த்தது, அதன் சுபாவம் அது. அழுத்தத்தை இறக்கிவிடுகிற திருகு ஒழுகியிருக்கலாம் அல்லவா? ஒழுகியிருக்காது, அதற்குப் புது வாஷர் போட்டுத்தான் அன்றைக்கு எடுத்துப் போனார். குழாய் மூட்டு? அங்கே ஒழுகினால் தரையில் தெரியும், தரை காய்ந்திருந்தது. முள்ளே பொய் சொல்லியிருக்குமோ? பொய் சொல்கிற முள் நூற்றிருபதுக்கு ஒழுங்காக ஏறி, நிமிஷத்துக்கு இவ்வளவு என்று நிதானமாக இறங்காது. ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி முடித்தபோது மேஜைமேல் பம்பு மட்டும் குற்றமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மிச்சம் இருந்தது பாய்லரும் அதற்குள் அவர் கையால் போட்ட இரண்டு ட்யூப்பும்தான். வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது என்பதும் வெட்கமாக இருந்தது. நாலு மணிக்கு ராத்திரிச் சோற்றுக்காக அடுப்பைப் பற்ற வைப்பார்கள். போனை எடுத்து, மெஸ் ரத்தினா என்று போட்டிருந்த எண்ணைத் தேடினார், கண்ணாடி போடாததால் இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவை மணி அடித்தது.

அவள் எடுத்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம். பாய்லரைப் பற்ற வைத்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை, இப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருக்கிறேன் என்றாள்.

“பத்த வெக்காத ரத்தினா. போன பொங்கலுக்கு முள்ளு இறங்குச்சில்ல, அது பம்போட கோளாறு இல்ல. பாய்லர்தான் ஒழுகுது. நான் போட்ட ட்யூப்பு. இன்னிக்குத்தான் பம்பைப் பிரிச்சுப் பாத்தேன். தப்பு என்னோடது.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் குழாயை மூடியிருக்க வேண்டும்.

“எனக்குத் தெரியுமுங்கண்ணா” என்றாள்.

அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் சொல்லத் தொடங்கினார். அவள் குறுக்கிட்டாள். குரலில் கோபம் இல்லை, மெஸ்ஸில் என்ன பொரியல் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“ஆவி ஏறுனதுக்கு அப்புறம் புள்ளைங்க யாரையும் உள்ள விடறதில்லீங்க. சோறு வாங்கறதுகூட வெளிய ஜன்னல்லதான். உள்ள நான் ஒருத்திதான் நிப்பேன்.”

“தெரிஞ்சுக்கிட்டேயா இத்தன மாசம் நின்ன?”

“நல்லா இருக்குதுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களே. அதுக்கு மேல நான் போயி யாருகிட்டச் சொல்றதுங்க?”

அவளே பேச்சைத் தொடர்ந்தாள். பின்பக்கம் விறகு அடுப்பு இருக்கிறது, அதில் அண்டாவை ஏற்றிக்கொள்கிறேன், இன்றைக்குச் சோறு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள் என்றாள். ஆனால் மேனேஜர் கேட்பார், நான் சொன்னால் எடுபடாது, நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். வருகிறேன் என்று அவர் சொல்லும் முன்பே குழாய் மறுபடி திறந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். மில்லுக்கு இருபது நிமிஷம். ஹெல்மெட்டுக்குள் மேனேஜரிடம் பேச வேண்டிய முதல் பேச்சைச் சொல்லிப் பார்த்தார். சார், போன பொங்கலுக்கு டெஸ்ட் பண்ணயில பம்பு கொஞ்சம் என்று ஆரம்பித்தார், நிறுத்தினார். சார், அன்னிக்கு டார்ச்சுல வெளிச்சம் பத்தல என்று இன்னொரு தடவை ஆரம்பித்தார், அதையும் விட்டார். ரயில்வே கேட் போட்டிருந்தது. லாரிகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். ரயில் வந்து போகும் வரை வாய்க்குள் எதுவும் வரவில்லை. கேட் தூக்கியபோதுதான் வந்தது, அதைப் பக்கத்து லாரிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

“ரத்தினா அம்மா அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கல.”